ஆறு மாதத்தில் உயரம் மாறிய ஒன்பது பேர்

ஐம்பது வயதுக்கு மேல் யாரும் வளர்வதில்லை. ஆனால் பெங்களூரில் ஒன்பது ஆண்கள் ஆறே மாதத்தில் உயரம் மாறியிருந்தார்கள். ஆறு பேர் வளர்ந்திருந்தார்கள், மூன்று பேர் குறுகியிருந்தார்கள். மரியதாஸ் என்று ஒருவர் முழுதாக ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்திருந்தார். இதைக் கண்டுபிடித்தவர் ஹாலந்தில் இருக்கும் யாரோ ஒரு புண்ணியவான். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சேர்த்திருந்த அட்டவணையை வரிவரியாகப் படித்துவிட்டு, பத்திரிகைக்குக் கடிதம் போட்டுவிட்டார். பத்திரிகை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பல்கலைக்கழகம் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டது.

நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக் கூடங்களோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியில் யாராவது புகார் சொன்னால், நேரில் போய் மூலக் காகிதங்களைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மணிலா, கொழும்பு, ஹனோய் எல்லாம் இப்படித்தான் பார்த்தேன். எல்லா ஊரிலும் மரியாதையாகத் தேநீர் கொடுப்பார்கள், எல்லா ஊரிலும் அலமாரிச் சாவி காணாமல் போயிருக்கும். கடைசியில் யார் சம்பளம் குறைவோ அவர் தலையில் பழி விழும். பன்னிரண்டு வருடமாக இதே கதை. எனக்கு முட்டி வலி, கண்ணில் புரை, இந்த வேலையில் அலுப்பு.

இந்த ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயல் சுரங்கம் மூடி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அங்கே வேலை பார்த்த தமிழர்கள் பலர் பெங்களூரில் காவலாளிகளாகவும் தோட்டக்காரர்களாகவும் சேர்ந்திருந்தார்கள். நிறையப் பேருக்கு நுரையீரலில் கல்தூசி. எங்கள் பேராசிரியர் ஒரு மூச்சுப் பயிற்சியைக் கண்டுபிடித்தார். பெங்களூர் ஆய்வுக்கூடம் இவர்களை ஒரு கருவியில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தது, ஆறு மாதம் பயிற்சி கொடுத்தது, மறுபடி அளந்தது. மூச்சு நன்றாகக் கூடியிருந்தது. கட்டுரை வந்ததும் இன்னொரு நாட்டின் சுரங்கத் துறையிலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார், இனிமேல் நெஞ்சு மருத்துவமனைக்குப் பதில் இந்தப் பயிற்சியையே வைத்துக்கொள்ளலாமா என்று. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு இந்த ஒன்பது பேரின் உயரம் வேடிக்கையாகப் படவில்லை.

புதன்கிழமை இறங்கினேன். மழை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் விருந்தினர் அறை போட்டிருந்தார்கள். ஓசூர் சாலையில் கார் நகர்ந்த வேகத்துக்கு, நான் நடந்திருந்தால் முட்டி வலியோடும் முந்தியிருப்பேன். ஓட்டுநர் கன்னடக்காரர், என்னிடம் நல்ல தமிழில் பேசினார், செல்பேசியில் தெலுங்கில் பேசினார், முன்னால் நின்ற லாரிக்காரனை உருதுவில் திட்டினார். எங்கள் ஊரிலும் நாலு மொழி உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடை, ஒவ்வொரு தெரு. இங்கே ஒரே வாயில் எல்லாம் புழங்குகிறது.

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இயக்குநர் பண்பான மனிதர். கீழே இருந்த உணவகத்துக்கு அழைத்துப்போய் "பை டூ காபி" சொன்னார். ஒரு காபியை இரண்டாகப் பிரித்து இரண்டு சின்னக் குவளையில் தருகிறார்கள், நின்றுகொண்டே குடிக்க வேண்டும். உட்கார நாற்காலியே கிடையாது. எங்கள் ஊரில் ஒரு தே தாரிக் தேநீர் வாங்கினால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உலகத்தையே அலசிவிட்டுத்தான் எழுந்திருப்போம். இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் வெல்லம் இருந்தது. முதல் வாய் திகைப்பு, மூன்றாவது வாயில் பிடித்துப்போய்விட்டது.

காபி முடிந்ததும் இயக்குநர் விஷயத்துக்கு வந்தார். "மேடம், டைப்பிங் மிஸ்டேக்தான். ஒன்பது பேரோட ரெண்டாவது உயரத்தையும் முதல் உயரம் மாதிரியே மாத்திடலாம். திருத்தம்னு பத்திரிகைக்கு ஒரு வரி அனுப்பிடலாம். நீங்களும் சனிக்கிழமையே ஊருக்குப் போயிடலாம்." அன்று மாலை எங்கள் பேராசிரியர் கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். அவரும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னார். இரண்டு நாடுகளும் இந்த விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் மூலக் காகிதங்களைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. அளந்தவர் தன்ராஜ் என்ற ஆய்வு மாணவர். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். இந்த ஆய்வுதான் அவருடைய முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார். அவருடைய பதிவேடு கையால் எழுதியது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே கருவி அச்சடித்துத் துப்பிய சீட்டு, தேதியும் நேரமும் போட்டு, ஒட்டியிருந்தது. ஒன்பது பேருக்கும் சீட்டு இருந்தது. கையெழுத்தில் இருந்த உயரமும் அட்டவணையில் இருந்த உயரமும் ஒன்றுதான். ஆகவே தட்டச்சுப் பிழை இல்லை. உட்கார்ந்த இடத்தில் கற்பனை பண்ணிய எண்களும் இல்லை. யாரோ நிஜமாகவே வந்து நின்று, அளக்கப்பட்டு, ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இந்த மரியதாஸ் எப்படித் தம்பி அஞ்சு சென்டிமீட்டர் வளர்ந்தாரு?" என்று கேட்டேன்.

"ஷூ போட்டிருந்திருப்பார் மேடம்," என்றார் தன்ராஜ், பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே.

"காலணி இல்லாமல்" என்று அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. நான் விரலால் காட்டினேன்.  மரியதாஸை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை அவர் ஊரில் இல்லை என்றார் தன்ராஜ். சனிக்கிழமையும் சந்தேகம் என்றார். ஊரில் இல்லை என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது இந்தத் தொழிலில் எனக்குக் காது விடைக்கும். சனிக்கிழமை காலை நானே கிளம்பிவிட்டேன், பதிவேட்டோடு தன்ராஜையும் கூட்டிக்கொண்டு.

மரியதாஸ் குடியிருந்தது ஈஜிபுராவில். ஆட்டோ சில்க் போர்டு சந்திப்பில் போய்ச் சொருகிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மழைக்காகத் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரைக்குள் நாங்கள் இரண்டு பேர். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்து ஆட்டோக்காரரோடு கன்னடத்தில் பேச்சில் இறங்கிவிட்டார். பத்து நிமிடம் கழித்து தன்ராஜ் தானாகவே வாயைத் திறந்தார்.

"அது மரியதாஸ் அண்ணன் இல்ல மேடம். அவர் தம்பி அந்தோணி. ஒன்பது பேருமே அப்படித்தான். பதிலி ஆள்."

பதிலி என்றால் என்ன என்று அவர்தான் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இன்னொருவர் அவருக்காக வேலைக்குப் போவார். மேஸ்திரிக்கும் தெரியும். வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான். "நைனாவுக்கு ஜுரம்னா எங்க சித்தப்பா போவாரு. யாரும் அதைப் பொய்னு சொன்னதில்ல. ரெண்டாவது தடவ ஊத வரச்சொல்லி நான் லெட்டர் போட்டேன். ஒன்பது பேர் வர முடியாத நிலைமை. நம்ம பையன் படிப்பு கெட்டுடக் கூடாதேன்னு வீட்ல இருந்து ஆள அனுப்பினாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு, சாப்பிடாம கொள்ளாம வந்து கியூல நிக்கிறாங்க. எல்லாம் என்னைச் சின்ன வயசுல தூக்கி வெச்சிகினு இருந்தவங்க. போங்கன்னு எப்படி மேடம் சொல்றது?"

"அப்போ பேரை மட்டும் மாத்தி எழுதிட்டு உயரத்தை ஏன் சரியா எழுதினீங்க? பழைய உயரத்தையே போட்டிருந்தா இந்த ஜென்மத்துல யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களே!"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உயரத்தை நான் அளந்தேனே மேடம். அளந்ததை எப்படி மாத்தி எழுதறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் செய்தது தப்புதான், தெரிந்தே செய்த தப்பு. முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிட, முடிந்தவர்கள் வந்து ஊதியிருக்கிறார்கள். அதனால்தான் மூச்சு கூடியது. பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"டைரக்டருக்குத் தெரியுமா?"

"போன மாசம் சொன்னேன். எதிலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதே, கையெழுத்து இல்லாம யாரும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது, டிகிரி வாங்கிட்டுப் போய்ட்டே இருன்னார்."

ஈஜிபுரா சந்துகளில் ஆட்டோ நுழையாது. இறங்கி நடந்தோம். மேலே துணிகளும் மின்கம்பிகளும், கீழே சாக்கடை மூடியின் மேல் இருசக்கர வண்டிகள். ஒரு கடையில் மாலைக்கான பரோட்டாவுக்கு மாவை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் குழாயடியில் தமிழில் ஆரம்பித்த சண்டையைக் கன்னடத்தில் முடித்தார். மரியதாஸ் முதல் மாடியில் ஒற்றை அறையில் இருந்தார். சுவரில் மாதா படம், அதன் கீழே சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். பேசும்போது நாலு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். இந்த மனிதருக்குத்தான் மூச்சு கூடிவிட்டது என்று நாங்கள் ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி தேநீரும் வறுக்கியும் கொண்டுவந்து வைத்தார். நான் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். உங்கள் தம்பியின் மூச்சை உங்கள் மூச்சு என்று எழுதிவிட்டோம், அதைப் பார்த்து வேறு நாட்டில் உங்களைப் போல இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், இந்தப் பயிற்சி போதும் என்று சொல்லப் போகிறார்கள் என்றேன்.

 அவர் தன்ராஜைப் பார்த்தார். "இன்னாடா தன்ராசு, இத்த நீ அப்பவே சொல்லக் கூடாதா? ஆளுங்க கொறஞ்சா உன் படிப்பு பூடும்னு நெனச்சிகினு இல்ல அந்தோணிய அனுப்பிச்சேன்?"

"தப்பு என்னுதுதாண்ணே," என்றார் தன்ராஜ்.

"மிஷின கொண்டாந்துகீறியா?"

தன்ராஜின் பையில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். உடம்புக்கு ஆகாது, இப்போது ஊதினால் கணக்கில் சேர்க்கவும் முடியாது என்றேன். அவர் என் பேச்சைக் கேட்கிற ஆளாக இல்லை. மனைவி முதுகைப் பிடித்துக்கொள்ள, குழாயை வாயில் வைத்து ஊதினார். இரண்டு நிமிடம் இருமினார். சீட்டு வந்தது. அந்தோணி ஊதியதில் பாதி கூட இல்லை. "இத்த ஒட்டிக்கோ. இது என்னுது," என்றார். தன்ராஜ் அந்தச் சீட்டைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

சந்தில் இறங்கி வரும்போது, மீதி எட்டுப் பேரையும் இப்படியே பார்த்துவிடலாம் என்றேன். ஏழு பேரைப் பார்க்கலாம் என்றார் தன்ராஜ். எட்டாவது ஆள், எத்திராஜ், முதல் தடவை ஊதிய மூன்றாம் மாதமே இறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நடுச்சந்தில் நின்று கத்திவிட்டேன். இறந்த மனிதரின் நுரையீரல் பயிற்சியால் தேறிவிட்டது என்று அச்சடித்திருக்கிறோம். மற்ற எட்டுப் பேரைப் பாசம், பழக்கம் என்று எப்படியோ விளங்கிக்கொள்ளலாம். இதை எதில் சேர்ப்பது? தன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அவர் சம்சாரம் கேட்டாங்க மேடம்," என்று மட்டும் சொன்னார். எதற்காகக் கேட்டார் என்று அவருக்கும் தெரியவில்லை. பரோட்டாக் கடைக்காரர் மாவு அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேக்குப் பேருந்தில் போனோம். எத்திராஜின் மனைவி கன்னியம்மா அங்கே ஒரு துணித் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறார், ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். பேருந்தில் பாதி வழி நின்றேன். எங்கள் ஊர் ரயிலில் என் நரைத்த தலையைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கும். இங்கே நடத்துநர் கன்னடத்தில் ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் ஓர் இளைஞன் எழுந்தான். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் சன்னலுக்கு வெளியே பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "மழை நின்னா தூசி, தூசி நின்னா மழை, இந்த ரோட்டுக்கு வேற புத்தியே கிடையாதுங்கறாங்க," என்று தன்ராஜ் மொழிபெயர்த்தார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வழியில் என் முடிவை அவரிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதுவேன். தெரிந்தே பெயர் மாற்றப்பட்டது என்றும் எழுதுவேன். இயக்குநருக்கும் தெரியும் என்பதையும் விடமாட்டேன். ஆனால் உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர என்னிடம் ஆதாரம் இல்லை, நீங்கள் இல்லை என்று சொன்னால் விஷயம் இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் உங்களுக்குப் பட்டம் வந்துவிடும் என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

அத்திபெலேயில் கன்னட எழுத்துப் பலகைகளுக்குக் கீழே தமிழில் பேரம் நடந்துகொண்டிருந்தது. கன்னியம்மாவின் வீடு சந்தைக்குப் பின்னால். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு, ஒரு பேச்சுக்கும் தயங்காத குரல். எங்களைப் பாயில் உட்காரவைத்து, கேட்காமலேயே ராகிக் கூழ் கொடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் மறைக்கவே இல்லை.

"ஆமா, என் தம்பிய அனுப்பி ஊதச் சொன்னேன். தன்ராசு வேணாம்னுதான் சொல்லிச்சு. நான்தான் கால்ல விழாத கொறயா கேட்டேன்."

"ஏம்மா?"

அவர் எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து ஓர் உறையை எடுத்துவந்தார். ஆய்வுக்கூடம் இரண்டாவது தடவை ஊத அழைத்து அனுப்பிய அச்சடித்த கடிதம். மேலே "திரு. எத்திராஜ் அவர்களுக்கு" என்று இருந்தது.

"ரேசன் கார்டுல அடிச்சிட்டாங்க. ஓட்டு லிஸ்ட்ல அடிச்சிட்டாங்க. கறுப்பு மைய வெச்சி இழுத்துட்டாங்க, உள்ள இன்னா பேர் இருந்திச்சின்னே தெரியல. அவரு செத்து மூணு மாசம் கழிச்சி இது வந்திச்சி. திருன்னு போட்டு, அவர்களுக்குன்னு போட்டு. அவரு பேருக்கு வர்ற கடுதாசி இது ஒண்ணுதாம்மா. வந்து ஊதலன்னா பேர எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன்."

என் கையில் கூழ்க் கிண்ணம் இருந்தது. நேற்று சந்தில் கத்தியது ஞாபகம் வந்தது.  பெயரை அடிக்கத்தான் வேண்டும். அதற்காகத்தான் நான் வந்திருந்தேன்.

தன்ராஜ்தான் சொன்னார். "அக்கா, இப்ப அடிச்சாகணும். அவர் பேர்ல வேற ஒருத்தர் மூச்சு இருக்கக் கூடாது."

அவர் கன்னியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கன்னியம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடி," என்றார்.

ஆய்வுப் பதிவேட்டில் எதையும் கறுப்படிக்கவோ அழிக்கவோ கூடாது. ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணமும் தேதியும் எழுதி, அடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தன்ராஜ் எத்திராஜின் இரண்டாவது வரியை எடுத்து, அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். ஓரத்தில், "இவர் இதற்கு முன்பே காலமானார். ஊதியவர் இவருடைய மைத்துனர். தெரிந்தே எழுதினேன்" என்று எழுதினார். பேனாவைப் பிடித்தபடி நிறுத்திவிட்டார். கையெழுத்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் பட்டம் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பார்த்த சாட்சின்னு உங்களுக்குப் பதிலா நான் வேணா போடறேன் தம்பி," என்றேன். எப்படி அப்படி ஒரு சொல் என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

"நான் எழுதின பேர் மேடம்," என்று சொல்லிவிட்டு முழுக் கையெழுத்தையும் போட்டார். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி மீதி எட்டு வரிக்கும் அதேபோலக் கோடு போட்டு, அதேபோலக் கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரம் ஆனது. 

முடிந்ததும் கன்னியம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக் கணவர் பெயரைத் தேடினார். கோட்டுக்குக் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பேர் தெரியுது," என்றார்.

"தெரியும்க்கா. எப்பவும் தெரியும்."

"கடுதாசி இனிமே வராது இல்ல?"

தன்ராஜ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "வராதுக்கா," என்றார்.